கோபம் யார் மேல வருதுங்க?

கேள்வி: நான் விசைத்தறி ஓட்டுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வருமுங்க. எங்க ஐயனுக்கும் அப்படித்தான், ரத்தத்திலேயே ஊறினது. வீட்டுக்காரிதான் உங்களுக்கு எழுதச் சொன்னாள். பிறவிக் குணத்தை மாற்ற முடியுமா?
- ஒரு வாசகர், சோமனூர்

பதில்: பிறவிக் குணம்தானா என்பதை முதலில் பார்த்துவிடலாமுங்க. உங்கள் பக்கம் பெரும்பாலும் கூலி நெசவுதானே. பாவு நூல் கொடுக்கிறவர் பேசின கூலியைக் குறைக்கும்போது, துணியில் குறை என்று அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்போது, அவர் முன்னால் என்றைக்காவது கத்தியிருக்கிறீர்களா? "சரிங்க, அடுத்த பாவுல பார்த்துக் குடுங்க" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தால், குழம்பில் உப்பு குறைந்ததற்கு வட்டல் பறக்கும். ரத்தத்தில் ஊறின கோபத்துக்கு இப்படி ஆள் பார்க்கத் தெரியுமா?

வாயைக் கட்டினதும் நீங்கள்தான், ஆனால் அது உங்கள் கணக்கில் ஏறுவதே இல்லை. 1960இல் பீட்டர் வேசன் என்ற இங்கிலாந்து உளவியலாளர் 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து இதில் உள்ள விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று மனதில் முடிவுகட்டி, 8, 10, 12 என்று அதற்கு ஒத்துவருவதையே சொல்ல, அவரும் பொருந்துகிறது என்றார். விதியோ வெறும் ஏறுவரிசை. 1, 2, 9 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அதுவும் பொருந்தியிருக்கும், அந்த நினைப்பும் அங்கேயே உடைந்திருக்கும். நீங்களும் கத்தின நாளை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு வாரத்துக்கு, கோபம் வந்தும் அடக்கின இடங்களைக் கூலிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள், எதிரில் யார் இருந்தார் என்பதோடு. அதை வீட்டுக்காரியிடம் காட்டுங்கள், கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஐயன் யாரிடம் கத்தினார், யாரிடம் கத்தவில்லை என்று அம்மாவையும் கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: நம்மைப் பற்றி நமக்குத் தெரிந்தது சரியா, மற்றவர்களுக்குத் தெரிந்தது சரியா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எதைப் பற்றி என்பதைப் பொறுத்தது. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளுக்குள் இருக்கும் பதற்றம் போன்றவை நமக்குத்தான் நன்றாகத் தெரியும். நாம் எவ்வளவு புத்திசாலி என்பதை நெருங்கின நண்பர்கள் நம்மைவிடச் சரியாகச் சொல்கிறார்கள். நண்பர்கள்தான். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களிடம் போய்க் கேட்டு வைக்காதீர்கள்.