பணம் கொடுத்து வாங்கிய டிசைன் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருப்பூரில் சொந்த பிராண்டில் டி-ஷர்ட் தைக்கிறோம். வெளியே ஒரு டிசைனரிடம் பணம் கொடுத்து பிரிண்ட் டிசைன்கள் செய்து வாங்கினோம். கையில் பில் மட்டும்தான் இருக்கிறது. இப்போது அதே டிசைன் வேறொரு கம்பெனி சரக்கில் வருகிறது. உரிமை எங்களுக்குத்தானே?

பதில்: இப்போதைக்கு இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது உங்களுடையது. வெளியாள் வரைந்தால் பொதுவாக வரைந்தவருடையது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன கேட்லாக் போட்டோ போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கம்ப்யூட்டரில் வரைந்த பிரிண்ட்டும் அதில் அடங்கும் என்று நம்பி இருக்காதீர்கள். நீங்கள் அச்சடித்து விற்கலாம், அதில் சிக்கலில்லை. அடுத்தவரைத் தடுக்கத்தான் முடியாது.

அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். 'டிசைன் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். அது கூலிக்கான ரசீது. உரிமை கைமாற, டிசைனர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும்.

அதனால் வக்கீல் நோட்டீசுக்கு முன் டிசைனரிடம் பேசுங்கள். அவரே அந்தக் கம்பெனிக்கு உரிமையை எழுதிக்கொடுத்திருந்தால், உங்களுக்குத் தர அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அவருக்கே தெரியாமல் காப்பியடித்திருந்தால், இன்றே உரிமை மாற்றப் பத்திரம் எழுதி வாங்குங்கள்.

பத்திரத்தில் ஏமாறும் இடம், அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. காலம் எழுதாவிட்டால் உரிமை 5 வருடம்தான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு மனசு கேட்பதில்லை. அப்புறம், வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை தானாகவே காலாவதி. அடுத்த சீசனுக்கு என்று பீரோவில் வைத்த டிசைன் இப்படித்தான் கைவிட்டுப் போகும். ஆகவே 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்' என்று எழுதி, ஒவ்வொரு டிசைனின் படத்தையும் பின்னால் இணைத்து, அதிலும் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று. துணி முழுக்க ஓடும் பிரிண்ட் போன்றவற்றை, 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதியாமல் 50 பீஸுக்கு மேல் அடித்துவிட்டால் பதிப்புரிமையே போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். பதிந்தால் 10 வருடம் பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் டிசைன் புதியதாக இருக்க வேண்டும். கடைக்குப் போய்விட்ட சரக்கின் டிசைனைப் பதிய முடியாது. அடுத்த கலெக்‌ஷனை பையருக்கு சாம்பிள் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.