அட்டைக் கத்தி வேண்டாம், களிமண் கொடுங்கள்

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் வரலாற்று முகாம் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ராஜா ராணி வேஷம், கிரீடம், அட்டைக் கத்தி என்று திட்டம். வேஷம் கலைந்ததும் எல்லாம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஓர் ஆசிரியை)

பதில்: பயம் நியாயம்தான். கிரீடம் வைத்தால் போட்டோ நன்றாக வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்தக் காசில் களிமண் வாங்குங்கள். மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பக்கம்) 5,000 ஆண்டுகளுக்கு முன்பே ஈரக் களிமண் பலகையில் நாணல் தண்டை அழுத்தி எழுதினார்கள். முதலில் எதையும் விளக்காமல், களிமண்ணில் குச்சியால் வளைத்து வளைத்து எழுதச் சொல்லுங்கள். மண் இரண்டு பக்கமும் பிதுங்கி எழுத்தையே கெடுக்கும், பிள்ளைகளுக்குக் கோபம்கூட வரும். அப்புறம் முனையைச் சதுரமாக வெட்டிய குச்சியைக் கொடுத்து அழுத்தச் சொன்னால், அந்த எழுத்து ஏன் ஆப்பு ஆப்பாக இருக்கிறது என்பது நீங்கள் வாய் திறக்காமலே புரிந்துவிடும். என்ன எழுதுவது? ராஜாவின் புகழ் அல்ல, ஆடு எத்தனை, பார்லி எவ்வளவு என்ற கணக்கு. கிடைத்த பலகைகளில் பெரும்பகுதி கணக்கு வழக்குதான். கி.மு. 612-இல் அந்தப் பக்கத்து நினிவே நகரம் எரிந்தபோது அங்கிருந்த நூலகத்தின் களிமண் பலகைகள் பல தீயில் வெந்து இன்னும் கெட்டிப்பட்டன. தாளாக இருந்திருந்தால் சாம்பல்.

அடுத்த நாள் அகழாய்வு. பெட்டியில் மூன்று நிற மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஓட்டுத்துண்டு, பாசிமணி எல்லாம் புதைத்து வையுங்கள். புதையல் வேட்டையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். எடுப்பதற்கு முன் ஆழத்தை அளந்து படம் வரைய வேண்டும், அதுதான் விதி. ஒரு குழுவின் குறிப்புத் தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, "இந்த மணி பழையதா, அந்த ஓடு பழையதா?" என்று கேளுங்கள். (கொஞ்சம் கொடுமைதான்.) விழிப்பார்கள். கீழடுக்கு பொதுவாகப் பழையது, ஆனால் எது எந்த அடுக்கில் கிடந்தது என்பதே போய்விட்டதே!

மூன்றாம் நாள் தக்ளியில் (கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிர்) பஞ்சு நூற்கலாம். பாதி பேருக்கு நூல் அறுந்துகொண்டே இருக்கும், இருக்கட்டும்.

கேள்வி: நாமே செய்து பார்த்துவிட்டால், அந்தக் காலத்திலும் அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிடுமா? (ஒரு மாணவர்)

பதில்: ஆகாது. 1947-இல் தோர் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர் பால்சா மரக்கட்டைத் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து கிளம்பி, 101 நாளில் பசிபிக் கடலின் பாலினேசியத் தீவு ஒன்றில் கரை ஒதுங்கினார். தென் அமெரிக்காவிலிருந்துதான் அந்தத் தீவுகளில் மக்கள் குடியேறினார்கள் என்பது அவர் வாதம். பயணம் நிஜம், வாதம் நிற்கவில்லை. மொழி, தொல்லியல், மரபணு மூன்றுமே அவர்கள் மேற்கே ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள் என்கின்றன. தென் அமெரிக்காவோடு கொஞ்சம் தொடர்பு இருந்ததற்கு மரபணுத் தடயம் உண்டு, அது வேறு கதை. செய்து பார்த்தால் "முடியும்" என்று தெரியும். "நடந்தது" என்று சொல்ல மண்ணுக்கடியிலிருந்து சாட்சி வேண்டும்.

கேள்வி: கல்லை உடைத்துக் கோடாரி செய்யலாமா? (அதே ஆசிரியை, பின்குறிப்பில்)

பதில்: பிள்ளைகள் கையில் வேண்டாம். சில்லு பிளேடு மாதிரி வெட்டும், தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழகியவர் ஒருவர் கண்ணாடி, கையுறையோடு திறந்த வெளியில் செய்யட்டும், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். கீழே தார்ப்பாய் விரித்துச் சில்லுகளை ஒன்றுவிடாமல் அள்ளிவிடுங்கள். இல்லையென்றால் பிற்காலத்தில் அங்கே தோண்டுகிறவர் உங்கள் பள்ளி மைதானத்தைக் கற்கால ஊர் என்று எழுதி வைத்துவிடுவார்.