தினமும் இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டுகிறேன், நாரி வலிக்கிறது. என்ன செய்யலாம்?

உங்களுடையது ஓட்டோ கியர் காராகத்தான் இருக்கும், ஏசியும் இருக்கும். அப்படியென்றால் கொடுத்துவைத்தவர். நான் 11 வருசமாகக் கொட்டாஞ்சேனையில் இருந்து பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு வான் ஓட்டுகிறேன். பழைய டொல்பின் ரக வான். எஞ்சினும் சீட்டுக்குக் கீழே, முன் சில்லும் சீட்டுக்குக் கீழே. ஆமர் வீதிச் சந்தியில் ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கினால் அடி நேரே நாரிக்குத்தான். "நீர் என்ன டொக்டரோ?" என்று கீழே வந்து யாரும் கேட்க வேண்டாம். டொக்டர் இல்லை, பட்டவன்.

எனக்கு இது தொடங்கியது 2022 டீசல் தட்டுப்பாட்டில், கியூவில் நின்றபோது. இரண்டு இரவு வானுக்குள்ளேயே, சீட்டில் அரைவாசி படுத்தபடி, காலைத் தூக்கி டேஷ்போர்ட்டில் போட்டுக்கொண்டு கிடந்தேன். விடியப்புறம் நாலு மணிபோல முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. எஞ்சினைப் போட்டால் இருக்கிற சொட்டும் போய்விடுமே என்று, எல்லோரையும் போல இறங்கின கையோடு வானைத் தள்ளினேன். நாரிக்குள் 'டக்' என்றது. குனிந்தவன் குனிந்தபடி. பின்னால் நின்ற த்ரீவீல்காரத் தம்பிதான் வானையும் தள்ளி, என்னையும் பிடித்துக் கொண்டுபோய் ஒரு கடைப்படியில் இருத்தினார்.

பிறகு பெல்ட் கட்டினேன், எண்ணெய் பூசினேன், மச்சான் கனடாவில் இருந்து ஒரு குஷன் அனுப்பினார். மூன்று மாதம் போனதுதான் மிச்சம். (எண்ணெயில் குணமானவர்கள் இருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள்.) கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு ஃபிசியோ மிஸ், "கதிரையில் வான் ஓட்டுற மாதிரி இருந்து காட்டுங்கோ அண்ணா" என்றா. இருந்தேன். என் பின் பொக்கற்றைத்தான் முதலில் பார்த்தா. லைசன்ஸ், அடையாள அட்டை, டீசல் அடிக்கிற கியூஆர் அட்டை, பிள்ளைகளின் மாதக்காசு ரசீது எல்லாம் திணித்து இரண்டு விரல் தடிப்பில் ஒரு பேர்ஸ். இத்தனை வருசமும் ஒரு பக்க இடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

அடுத்தது கிளச். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்ததால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு முன்னுக்கு வழுக்கும். டிராஃபிக்கில் எத்தனை தரம் மிதிக்கிறோம்! கிளச்சை, உங்களுக்கென்றால் பிரேக்கை, முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேணும். பின்பக்கத்தைச் சீட்டின் மூலைவரை தள்ளி இருக்க வேணும். சீட்டின் முதுகுச் சாய்வு 100 முதல் 110 பாகை, அதாவது செங்கோணத்தைவிடக் கொஞ்சம் பின்னுக்கு. விறைத்து நிமிர்ந்து இருப்பதும் பிழையாம். நாரிக்குப் பின்னால், இடுப்புப்பட்டி வருகிற இடத்தில் சின்னத் துவாயைச் சுருட்டி வைத்தால் போதும். நான் அதோடு காலையில் நிமிர்ந்து இருந்து, பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்துவிடுவேன். பின்னேரம் அதில் வானின் பின்கண்ணாடி முழுக்கத் தெரியாவிட்டால் நான்தான் கூனிவிட்டேன் என்று அர்த்தம், கண்ணாடியில் கை வைக்கமாட்டேன்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது, நாம் அசைந்தால்தான் அதற்குச் சாப்பாடு என்றும் அந்த மிஸ்தான் சொன்னா. அதனால் நெடுநேரம் இருந்துவிட்டு இறங்கினால் நாலைந்து நிமிஷம் நடக்காமல் எதையும் தூக்கக்கூடாது. முன்பு நான் சீட்டில் இருந்தபடியே பின்னுக்குத் திரும்பிப் பிள்ளைகளின் பைகளை இழுத்துக் கொடுப்பேன். இப்போது அவர்களே எடுக்கிறார்கள். அதற்கும் ஓர் அம்மா கோபித்துக்கொண்டா, "காசு வாங்குறீங்கள்தானே?" என்று. கேற்றடியில் "இந்தா வாறம் அங்கிள்" என்று தினமும் பத்து நிமிஷம் காக்க வைப்பதும் அவதான். ஓகஸ்ட் லீவுக்குக் காசு தரமாட்டாவாம். லீசிங்காரனுக்கு ஓகஸ்ட் லீவு இருக்கிறதா? கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, விடுவம். கால் விறைத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் சோர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ நான் எழுதியதை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி நாளைக்குப் பேர்ஸை வெளியே எடுத்துவிட்டு ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகள் ஏறுகிற வாகனம் என்றால் துவாயை மறைத்து வையுங்கள். என்னுடையதால் போன கிழமை ஒருவன் கொட்டின மைலோவைத் துடைத்துவிட்டான்.