பத்து வருடம் தாண்டிய கம்ப்யூட்டர்: மாற்றுவதா, மராமத்தா?

கேள்வி: 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் வேலைக்கு வர ஆறேழு நிமிடம் ஆகிறது. கடிதம் அடிப்பது, வரவு செலவுக் கணக்கு, வீடியோ பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. பழைய கணக்கு மென்பொருள் ஒன்றை மட்டும் விட முடியாது. ரேம் கூட்டினால் போதும் என்கிறான் மகன். தூக்கிப் போடுங்கள் என்கிறார் பழுது பார்ப்பவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவரும் பாதி சரி. ஆனால் உங்கள் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். ஆன் செய்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்க்' பத்தியைப் பாருங்கள். அது நிமிடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நின்றால் சந்தேகம் வேண்டாம். சுழலும் தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு ஃபைல்களை எடுக்க, படிக்கும் முனை ஒவ்வொரு முறையும் இடம் நகர வேண்டும். நொடிக்குச் சுமார் நூறு முறைக்கு மேல் அதனால் முடியாது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தில் நகரும் பாகமே இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். ரேமை மட்டும் கூட்டினால் பிரவுசர் கொஞ்சம் மூச்சு விடும். ஆன் ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கும்.

எதையும் கழற்றும் முன் கணக்கு ஃபைல்களையும் படங்களையும் வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளின் 'ரா வேல்யூஸ்' மதிப்பைப் பாருங்கள். அவை பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகப் போகிறது. அந்த நிலையில் அதை அப்படியே குளோன் செய்யக் கூடாது, அதாவது முழு டிஸ்கையும் புதியதில் பிரதியெடுக்கக் கூடாது. ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

உங்கள் தேவைக்கு 2.5 அங்குல சாட்டா (கேபிள் வழியே மதர்போர்டில் இணையும்) எஸ்.எஸ்.டி., 240 அல்லது 256 ஜி.பி. போதும். அந்தக் கால மதர்போர்டுகளில் எஸ்.எஸ்.டி.யை நேரடியாகச் செருகும் எம்.2 இடம் அநேகமாக இருக்காது, இருந்தாலும் அதில் செருகும் என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யிலிருந்து பூட் ஆகும் (விண்டோஸ் தொடங்கும்) என்று நம்ப முடியாது. கூடவே ஒரு சாட்டா டேட்டா கேபிளும் வாங்குங்கள். பலர் மறப்பது இதைத்தான். போர்டில் 6 ஜிகாபிட் எனக் குறித்த போர்ட்டில் செருகுங்கள். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். இரண்டையும் மாட்டியே வைத்தால் கம்ப்யூட்டர் பழையபடி ஹார்ட் டிஸ்கிலிருந்தே பூட் ஆகக்கூடும். 'காசு போட்டும் வேகம் கூடவில்லை' என்ற புலம்பல் பலவற்றுக்கு இதுவே காரணம்.

அடுத்து ரேம். இருக்கும் ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்து, அதே டி.டி.ஆர்.3 வகையில் இன்னொரு 4 ஜி.பி. சேருங்கள். டி.டி.ஆர்.4 வாங்கினால் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் உள்ளே போகவே போகாது. மாட்டியபின் திரை கறுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம்; இரு முனையிலும் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். விண்டோஸ் 32 பிட்டா என்றும் பாருங்கள். ஆமென்றால் கூட்டிய ரேம் வீண். 64 பிட்டைப் புதிதாக நிறுவ வேண்டும். ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள் டாஸ் காலத்து 16 பிட் வகையாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. ஆகவே முடிவெடுக்கும் முன் வேறொரு 64 பிட் கம்ப்யூட்டரில் அதை ஓட்டிப் பாருங்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் இந்தச் சிக்கல் விடாது, ஏனென்றால் விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

கடிகாரம் அடிக்கடி பின்னுக்குப் போனால் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். தேதி தவறினால் பல இணையதளங்கள் திறக்காது. பிராசசர், கிராபிக்ஸ் கார்டு பக்கம் போகவே வேண்டாம்.

மென்பொருள் விஷயம் தனி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் விண்டோஸ் 11 கேட்பவை, உங்களுடையது தேறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் அப்டேட்டுகள் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பிரின்டர், ஒலி, தமிழ்த் தட்டச்சு மூன்றும் சரியாக வந்தால் இணையத்துக்கு அது தாராளம். கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸை இன்டர்நெட் தொடர்பில்லாமல் தனியே வைத்துக்கொள்ளலாம்.

மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி) மாற்றியும் நடுவில் அணைந்தாலோ, அப்போது பழுது பார்ப்பவர் சொல்வதைக் கேளுங்கள். எஸ்.எஸ்.டி. புது டெஸ்க்டாப்பிலும் உதவும், டி.டி.ஆர்.3 ரேம் உதவாது. அதனால் எஸ்.எஸ்.டி.யை முதலில் மாட்டி, ஒரு வாரம் பார்த்துவிட்டு ரேம் வாங்குங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கை, கணக்கு ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்வரை அழிக்காதீர்கள்.