பலாசியில் பழகிய ஆற்றுப் பிள்ளைகள்

கேள்வி: 1962-இல் அமெரிக்கா 'சீல்' படையைத் தொடங்கிய பிறகுதானே கடற்படைக் கமாண்டோ என்பதே உலகத்துக்குத் தெரிந்தது? ஆற்றில் குதித்து நீந்திப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை?
– வாசகர், கொள்ளிடம்

பதில்: இரண்டும் தவறு. 1941 டிசம்பரிலேயே ஆறு இத்தாலியர்கள் மூன்று 'மனித டார்பிடோ'க்களில் (ஆட்கள் ஏறி நீருக்கடியில் ஓட்டிப் போகும் வெடிகலம்) ஏறி அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்துக்குள் புகுந்து, இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கிவிட்டார்கள். அமெரிக்காவுக்குப் புத்தி வந்தது 1943 நவம்பரில், பசிபிக்கில் ஜப்பானியர் வசமிருந்த தராவா தீவில் படை இறக்கியபோது. பவளத்திட்டின் மேல் தண்ணீர் போதாமல் படகுகள் தட்டி நின்றன. இறங்கி நடந்தவர்கள் நீரிலேயே சுடப்பட்டார்கள். அதன் பிறகுதான் முன்னதாகவே நீந்திப் போய் ஆழம் பார்க்க ஒரு படை வைத்தார்கள். முத்துப்பேட்டைக் கழியில் வத்தம் (நீர் வடிந்திருக்கும் நேரம்) பார்க்காமல் யார் படகு விடுகிறார்கள்?

ஆற்றுப் பிள்ளைகளின் கதைக்கு 1971-க்கு வாருங்கள். பாகிஸ்தானிடமிருந்து விடுதலைக்குப் போராடிய கிழக்கு வங்கத்து (இன்றைய வங்கதேசம்) இளைஞர்களுக்கு மேற்கு வங்கத்தின் பாகீரதி ஆற்றங்கரையில், பலாசியில், நம் கடற்படை ரகசியமாகப் பயிற்சி கொடுத்தது. ஆகஸ்ட் 15 இரவு சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் என அங்கிருந்த நான்கு துறைமுகங்களிலும் கப்பல்கள் வெடித்தன. கிளம்பச் சொன்ன சைகை, கல்கத்தா வானொலியில் ஒலித்த இரண்டு பாட்டு. ஆளுக்கு நீச்சல் துடுப்பு, ஒரு கத்தி, துண்டால் உடம்போடு கட்டிய ஒரு காந்த வெடி, அவ்வளவுதான்.

கத்தி ஆளைக் குத்த அல்ல. கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் (ஓடு மூடிய சிற்றுயிர்) அப்பியிருக்கும். அதன் மேல் வைத்தால் காந்தம் பிடிக்காது, நீரோட்டம் வெடியை உருவிக்கொண்டு போய்விடும். இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். வெடியில் தண்ணீரில் கரையும் ஒரு அடைப்பு உண்டு. அது கரைந்தால் சுருள்வில் விடுபட்டு ஊசி அடித்து வெடிக்கும். கரை சேர அந்த நேரம்தான் மிச்சம். நீந்திப் போகும்போதே நனைந்தால் ஆளோடு வெடிக்கும் என்பதால், அடைப்பின் மேல் ஆணுறையை மாட்டியிருந்தார்கள். வெடியை ஒட்டிய பிறகே அதை உருவ வேண்டும். நேர் எதிரே இறங்கினால் ஓட்டம் கப்பலைத் தாண்டி இழுத்துவிடும். கரையோடு ஆற்றின் மேல்பக்கம் போய், அங்கே இறங்கிச் சாய்வாக வர வேண்டும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தை நீந்திக் கடப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கடற்படையின் கமாண்டோப் பிரிவான 'மார்கோஸ்' அமைந்தது 1987-இல், அந்த இரவுக்கு 16 ஆண்டுகள் கழித்து.