ஒரே ஓட்டுக்கு இரண்டு பெயர்: ஆய்வேட்டில் எதை எழுதுவது?

செம்பூரிலிருந்து ஒரு எம்.எஸ்சி. மாணவி கேட்கிறார்: "தானே க்ரீக் சேற்றைச் சலித்து ஃபோராம்கள் (ஓடு கட்டி வாழும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்கள்) பொறுக்கினேன். பாதிக்கு மேல் ஒரே வகைதான். பழைய கட்டுரைகள் அதை அம்மோனியா பெக்காரி என்கின்றன, புதியவை அம்மோனியா டெபிடா என்கின்றன. வரிசை, வகுப்பு விஷயத்திலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் எதை எழுதட்டும், மேடம்?"

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பெக்காரி இல்லை, அதை மட்டும் துணிந்து சொல்லலாம்.

எப்படி என்கிறீர்களா? ஈரத் தூரிகை நுனியால் ஓட்டைப் புரட்டி, சுருள் முழுதாகத் தெரியாத பக்கத்தை மேலே கொண்டுவாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது அல்லவா, அதைத் தொப்புள் என்போம். உங்களுடையதில் அது வெறுமனே திறந்து கிடக்கிறது. கடைசிச் சுற்றில் ஆறேழு அறைகள்தான், ஒவ்வொன்றும் குண்டு குண்டாக, ஓரம் அலை அலையாக. அசல் பெக்காரி பெரியது, அறைகளும் நிறைய. தொப்புளைச் சுற்றியும், அறைகள் ஒட்டும் தையல் கோடுகளிலும் மணி கோத்ததுபோல் புடைப்புகள் இருக்கும். ஒன்று கல்யாணப் பெண், இன்னொன்று வீட்டில் சும்மா இருக்கும் பெண்!

பிறகு ஏன் இத்தனை பேர் பெக்காரி என்று எழுதினார்கள்? பெயரின் கதையில் இருக்கிறது காரணம். இத்தாலியின் ரிமினி கடற்கரை மணலில் கிடைத்த ஓட்டுக்கு லின்னேயஸ் 1758-ல் நாட்டிலஸ் பெக்காரி என்று பெயர் வைத்தார். நாட்டிலஸ் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழும் கணவாயின் உறவு. இது குட்டி நாட்டிலஸ் ஓடு போலவே இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபோராம்களுக்கு ஃபோரமினிஃபெரா என்ற முழுப்பெயரை 1826-ல் தந்த தோர்பின்யியே இவற்றைக் கணவாய் இனத்தோடுதான் சேர்த்தார். இவை ஒற்றைச் செல் உயிர்கள் என்று துஜார்தான் என்பவர் 1835-ல் காட்டிய பிறகுதான் தெளிவு வந்தது. 1926-ல் குஷ்மன், போர்ட்டோ ரிக்கோவில் கிடைத்த சின்ன, மழமழப்பான ஓட்டைப் பெக்காரியின் ஒரு ரகமாக வைத்து 'டெபிடா' என்றார். அந்த ரகம் பின்னால் தனிச் சிற்றினம் ஆனது. ஆனால் சுருளாக இருப்பதையெல்லாம் பெக்காரி என்று எழுதும் பழக்கம் போகவில்லை. நானும் முதல் வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

2004-ல் ஹேவர்டும் சகாக்களும் உலகின் பல கரைகளிலிருந்து எடுத்த அம்மோனியாக்களின் மரபணுவையும் ஓட்டையும் சேர்த்துப் பார்த்து 13 வகைகளைப் பிரித்தார்கள். ஒரு வகைக்கும் இன்னொன்றுக்கும் ஓட்டில் இருக்கும் வேறுபாடு மிக நுட்பமானது. சிலவற்றைப் பிரிக்க எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஓட்டின் துளைகளை அளக்க வேண்டும். உங்களிடம் இருப்பது கல்லூரி ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்தான். அதனால் 'அம்மோனியா சி.எஃப். டெபிடா' என்று எழுதுங்கள். டெபிடாவோடு ஒப்பிடத்தக்கது, உறுதி செய்யவில்லை என்று பொருள். 'அஃப்.' போட்டால் நெருக்கமானது, ஆனால் வேறாக இருக்கலாம் என்றாகிவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எதிலும் சேராத ஓடுகளுக்கு 'அம்மோனியா எஸ்பி. 1' போதும், அதாவது சிற்றினம் தெரியாத முதல் வகை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடைப்புக்குறியில் கவனம் வேண்டும். அம்மோனியா டெபிடா (குஷ்மன், 1926) என்பதுதான் முறை. பெயர் வைத்தவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அந்தக் குறி அடையாளம். பிறந்த வீடு ரொட்டாலியா, புகுந்த வீடு அம்மோனியா. குறி இல்லாவிட்டால் இன்னும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது என்றாகிவிடும்.

ஃபோராம்கள் விலங்குகள் இல்லை என்றாலும், பெயர் விஷயத்தில் விலங்கியல் பெயரிடல் விதிகளுக்குத்தான் கட்டுப்படும். அந்த விதி நம் மும்பைக்கு நேர் எதிர். இங்கே விடி ஸ்டேஷனுக்குப் புதுப்பெயர்தான் செல்லும், பழையது நம் வாயில் மட்டும். ஒரே சிற்றினத்துக்கு இரண்டு பெயர் என்று தெரிந்தால் அங்கே பொதுவாகப் பழைய பெயர்தான் செல்லும், புதியது ஒத்தபெயர் பட்டியலுக்குப் போகும். பெக்காரியும் டெபிடாவும் வேறு வேறு சிற்றினங்கள் என்பதால் அவற்றுக்குள் இந்தப் போட்டி இல்லை. எது செல்லும், எது ஒத்தபெயர் என்பதை கடல் உயிரினப் பெயர்களின் உலகப் பதிவேடான வோர்ம்ஸ் (WoRMS) தளத்தின் ஃபோராம் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். பார்த்த தேதியையும் குறித்துவையுங்கள், ஏனென்றால் அங்கேயும் மாறும்.

அப்புறம் வரிசை, வகுப்பு, அதாவது பேரினத்துக்கு மேலே உள்ள வகைப்பாட்டுப் படிகள். லோப்லிக், டாப்பன் தம்பதியர் 1980-களில் தந்த முறை ஓட்டின் சுவரைப் பார்த்தது: மணல் துகளை ஒட்டிக் கட்டியதா, பீங்கான் மாதிரியா, கண்ணாடி மாதிரியா என்று. 2013-ல் பவ்லோவ்ஸ்கி குழுவினர் மரபணுவையும் அறையின் வடிவத்தையும் வைத்து, பல அறை கொண்டவற்றை உருண்டை அறை, குழாய் அறை என இரு வகுப்புகளாக்கினார்கள். அம்மோனியா உருண்டை அறைக் கட்சி. எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கு எதுவானாலும் சரி, 'இந்த முறையைப் பின்பற்றினேன்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பாதி இது, பாதி அது என்று கலந்தால்தான் வைவாவில் மாட்டுவீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஓட்டையாவது இரு பக்கமும் ஓரமும் தெரிய மூன்று படம் எடுத்து, அளவுகோலோடு போடுங்கள். அந்த ஓடுகளைத் தனி ஸ்லைடில் ஒட்டி, எடுத்த இடம், தேதி, சல்லடை அளவு எழுதித் துறையில் கொடுத்துவிட்டு வாருங்கள். விடுதி அலமாரியில் வைத்தால் ஜூன் மாத ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.