தொடையில இருக்கற கொழுப்புக் கட்டி கேன்சரா மாறுமா?

கேள்வி: எனக்கு வயசு 46. ரெண்டு வருஷம் முன்னாடி தொடை முன்பக்கம் அடிபட்டப்பதான் அங்க ஒரு கட்டி இருக்கறத கவனிச்சேன். தொட்டுப் பாத்துட்டு கொழுப்புக் கட்டின்னாங்க, வலி இல்ல, விட்டுட்டேன். இப்ப 4 மாசமா பெருசாயிட்டே வருது. அடிபட்டதால கேன்சரா மாறிடுச்சா டாக்டர்?

பதில்: அடிபட்டத நெனச்சு வருத்தப்படாதீங்கம்மா, அதனால சார்கோமா, அதாவது சதை கொழுப்பு நரம்புல வர்ற கேன்சர், வர்றதில்ல. அடிபட்ட இடத்த தடவிப் பாக்கறோம், ஏற்கனவே இருந்தது கையில தட்டுப்படுது.

"மாறிடுச்சா"ங்கற கேள்விக்கு வர்றேன். குடல்ல பாலிப், அதாவது உள்சுவர்ல சின்ன சதை வளர்ச்சி, வந்து வருஷக்கணக்குல கேன்சராகும்ல, அந்த மாதிரி படிப்படியா போற பாதை சார்கோமாவுல பெரும்பாலும் கிடையாது, முதல் நாள்லேர்ந்தே அது சார்கோமாதான். லிப்போமா, அதாவது சாதாரண கொழுப்புக் கட்டி, கேன்சராகறது ரொம்ப ரொம்ப அபூர்வம். விதிவிலக்கு இருக்கு. உடம்பெல்லாம் காப்பிக்கலர் திட்டும் நரம்புக் கட்டியுமா இருக்கற நியூரோஃபைப்ரோமாடோசிஸ் டைப் 1 காரங்கள்ல கிட்டத்தட்ட 10 பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல நரம்புக் கேன்சர் வரலாம். ரேடியேஷன் வாங்கின இடத்துல பல வருஷம் கழிச்சு வரலாம், மார்பக ஆபரேஷனுக்கப்புறம் வருஷக்கணக்கா வீங்கியே கிடக்கற கையிலயும் வரலாம்.

இன்னொண்ணு இருக்கு, உங்களுக்கு அதான் முக்கியம். சதைக்குள்ள ஆழமா இருக்கற சில கொழுப்புக் கட்டி பாக்க லிப்போமா மாதிரியே இருக்கும், ஆனா நிஜத்துல ஒரு வகை சார்கோமா, மைக்ராஸ்கோப்லகூட ஏமாத்தும், எம்டிஎம்2ங்கற ஜீன் அதுல நிறைய காப்பி இருக்கான்னு டெஸ்ட் பண்ணினாதான் தெரியும். மெதுவா வளரும், எடுத்தாலும் திரும்ப வரலாம், சிலருக்கு அதுக்குள்ளயே வீரியமான கேன்சர் கிளம்பும். அதனால உங்க கட்டி மாறிடுச்சாங்கறதவிட, அன்னிக்கு ஸ்கேன் இல்லாம வெச்ச பேரு சரியாங்கறதுதான் என் கவலை.

சேர்ல உக்காந்து காலை நேரா நீட்டி தொடைய இறுக்கிட்டு கட்டிய விரலால தள்ளிப் பாருங்க. தோலுக்கடியில இருந்தா அப்பவும் வழுக்கிட்டு நகரும், சதைக்குள்ள இருந்தா புடிச்சு வெச்ச மாதிரி நின்னுடும், இல்ல உள்ள போய் மறைஞ்சுடும். ஆனா நகர்ந்தாலும் சரி நகராட்டியும் சரி, வளருதுன்னு சொல்றீங்களே, அது ஒண்ணே போதும் எம்ஆர்ஐ எடுக்க. 5 செ.மீ.க்கு மேல இருந்தாலும் அப்படித்தான். வலி இல்லன்னு தைரியமா இருக்காதீங்க, சார்கோமா நிறைய பேருக்கு வலிக்கறதே இல்ல.

தயவுசெஞ்சு யார் சொன்னாலும் ஸ்கேனுக்கு முன்னாடி எடுத்துடாதீங்க. சின்ன கட்டிதானேன்னு மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துட்டு, கேன்சர்னு வந்த ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டே வந்தவங்கள பாத்திருக்கேன், சுத்தியெல்லாம் செல் சிதறியிருக்கலாம்ங்கறதால பழைய தழும்போட சேத்து இன்னும் பெருசா வெட்ட வேண்டியதாயிடுது. எம்ஆர்ஐ-ல சந்தேகம் வந்தா ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால கட்டியிலேர்ந்து துளி எடுத்து டெஸ்ட் பண்றது. ஊசி குத்தினா பரவிடும்னு பயப்பட வேண்டாம், ஆனா எந்த இடத்துல குத்தறதுன்னு பின்னாடி ஆபரேஷன் பண்ணப் போற கேன்சர் சர்ஜன்தான் சொல்லணும், அதனால இந்த வாரமே முதல்ல அவர போய்ப் பாருங்க.